பள்ளி வாசலில் நிற்கும் தாய்

பூட்டுப் பட்டறையிலும் நூற்பாலையிலும் காய்கறி மண்டியிலும் பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு, தமிழ் கேட்கலாம் என்று வந்து அமர்ந்திருக்கும் திண்டுக்கல் மக்களே, இலக்கிய மேடையில் நோயைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். தாயைப் பாடாத தமிழ்ப் புலவன் உண்டா? மேடைக்கு மேடை தாயைப் போற்றுகிறோம். போற்றப்பட்ட அந்தத் தாய் இன்று மத்தியானம் எங்கே நின்றாள் தெரியுமா? ஒரு பள்ளிக்கூட வாசலில், வெயிலில், கையில் ஒரு சின்னப் பையோடு நின்றாள். நாளைக்கும் அங்கேதான் நிற்பாள். அவளைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது? ஒரு குளுக்கோமீட்டர், ஒரு டப்பா ஸ்ட்ரிப், பேனா வடிவத்தில் ஓர் இன்சுலின் ஊசி, கொஞ்சம் குளுக்கோஸ் பொடி. சாப்பாட்டு மணி அடித்ததும் ஆறு வயதுப் பிள்ளை ஓடி வருகிறது. விரல் நுனியின் ஓரத்தில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். மீட்டரில் எண் தெரிகிறது. அந்த எண்ணைப் பார்த்து, பிள்ளை எவ்வளவு சோறு சாப்பிடும் என்று கணக்குப் போட்டு, இத்தனை யூனிட் என்று திருகி வைத்து, தொடையில் ஊசி போடுகிறாள். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மூன்று, நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசி ஒன்று. ஒரு நாளைக்கு நான்கு என்றால் ஆண்டுக்கு 1,460. பத்து ஆண்டுக்கு 14,600. பெற்ற பிள்ளையின் உடம்பில் இத்தனை முறை ஊசி குத்த ஒரு தாய்க்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! கை தட்டுகிறீர்கள், நன்றி. ஆனால் அவளுக்குக் கைதட்டல் போதாது. பள்ளிக்கூட வாசலில் அவளைத் தனியாகவும் ஒளிவுமறைவாகவும் நிற்க வைத்தது யார்? அவளை அங்கே நிறுத்தியது நோயல்ல, நாம்தான். என் வழக்கு இவ்வளவுதான். இதற்கு ஆதாரம் காட்ட வேண்டியது என் பொறுப்பு.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். நம் வீடுகளில் தாத்தாவுக்கும் அத்தைக்கும் இருக்கிறதே, அந்தச் சர்க்கரை வேறு, இந்தப் பிள்ளைக்கு வந்த சர்க்கரை வேறு. பூட்டுப் பட்டறைகள் உள்ள இந்த ஊரில் இதைச் சொல்வது எளிது. நாம் சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் ஓடுகிறது. அது உடம்பின் செல்லுக்குள் நுழைய வேண்டுமானால் பூட்டைத் திறக்க வேண்டும். அந்தச் சாவிதான் இன்சுலின். பெரியவர்களுக்கு வருகிற டைப் 2-ல் பெரும்பாலும் பூட்டு துருப்பிடித்திருக்கிறது, மாத்திரை என்ற எண்ணெய் விட்டால் ஓரளவு திறக்கும். குழந்தைக்கு வருகிற டைப் 1-ல் சாவி செய்கிற பட்டறையே எரிந்துபோய்விட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைப் பகை என்று நினைத்து அழித்துவிடுகிறது. சாவியே இல்லாத வீட்டுக்கு எண்ணெய் கொண்டுபோய் என்ன செய்ய? சாவியை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேளையும்.

இங்கே ஒரு கூட்டம் குறுக்கே வருகிறது. பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். வேறு மேடைகளில் ஏறி அவர்கள் முழங்குகிறார்கள்: அந்தக் காலத்தில் எந்தக் குழந்தைக்கு ஐயா சர்க்கரை இருந்தது? கம்பும் கேழ்வரகும் தின்றார்கள், கல்லைப் போல இருந்தார்கள், பேக்கரி வந்தது, நோயும் வந்தது என்கிறார்கள். நானும் கேழ்வரகுக் களியை மதிக்கிறவன்தான். ஆனால் இன்சுலின் சுரக்காத உடம்பில் களியின் மாவுச்சத்தும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். அந்தக் காலத்தில் குழந்தைகளுக்குச் சர்க்கரை நோய் இல்லை என்கிறார்களே, நான் சொல்கிறேன் கேளுங்கள். நோய் இருந்தது, குழந்தைதான் இருக்கவில்லை! உருகி உருகி இளைத்து, மூச்சு வாங்கி, சில மாதங்களில் கண்ணை மூடிவிடும். காத்து கருப்பு அடித்தது என்று சொல்லிப் புதைத்துவிட்டு வந்தார்கள். பெயர் தெரியாமல் செத்த பிள்ளைகளை எண்ணாமல், அந்தக் காலத்தில் நோயே இல்லை என்று பெருமை பேசுவது எந்த ஊர் நியாயம்?

இன்சுலின் என்ற சாவி வந்த கதையைக் கேளுங்கள். கனடாவில் டொரண்டோ பொது மருத்துவமனை. 1922 ஜனவரி 11. லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் இதே நோயோடு கிடக்கிறான், எடை முப்பது கிலோகூட இல்லை. அதுவரை மருத்துவர்களிடம் இருந்த ஒரே வழி பட்டினி போடுவது. பட்டினி போட்டால் சாவு சில மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆராய்ச்சியாளர்கள் பான்டிங்கும் பெஸ்ட்டும் தயாரித்த, இன்சுலின் உள்ள கணையச் சாற்றை அன்று அந்தப் பையனுக்குப் போட்டார்கள். சரியாக வேலை செய்யவில்லை, ஒவ்வாமை வந்தது. காலிப் என்ற வேதியியல் அறிஞர் இரவு பகலாக அதைச் சுத்திகரித்துத் தர, ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. பையன் எழுந்தான், மேலும் 13 ஆண்டு வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் இன்சுலின் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். பிள்ளைகளின் உயிரைக் காக்கும் மருந்தில் லாபம் பார்ப்பது தகாது என்று நினைத்தவர்கள் அவர்கள்.

பேருந்து நிலையச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களோ வேறு ரகம். 48 நாளில் சர்க்கரையிலிருந்து விடுதலை, ஊசியைத் தூக்கி எறியுங்கள் என்று அச்சடிக்கிறார்கள், செல்போனில் வீடியோ போடுகிறார்கள். சித்த மருத்துவத்தின் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. நம் பாட்டன்மார் தேடி வைத்த அறிவு அது. அந்த அறிவின் பெயரைச் சொல்லி, டைப் 1 குழந்தையின் ஊசியை நிறுத்தச் சொல்கிறவன் அந்தப் பரம்பரைக்கும் துரோகி. இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் ரத்தத்தில் அமிலம் ஏறும், வாந்தி வரும், வயிறு வலிக்கும், மூச்சு வேகமாக வாங்கும், நினைவு தப்பும், உயிர் போகும். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954-லேயே வந்துவிட்டது, அதன் பட்டியலில் சர்க்கரை நோய் பெயர் சொல்லி இருக்கிறது. ஆக, சட்டம் எழுபது வருஷமாக இருக்கிறது, நோட்டீசும் ஒட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நோட்டீசை நம்பி ஒரு வாரம் ஊசியை நிறுத்தும் குடும்பத்தைத் திட்டுவதில் பயனில்லை. நம்பிக்கைக்கு ஏங்குகிறவர்களிடம் பொய்யை விற்றவன் மீதுதான் வழக்குப் போட வேண்டும். இங்கே வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், காவல் துறையினர் இருக்கிறீர்கள், உங்களைத்தான் கேட்கிறேன்.

விட்டால் இவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பேன், அந்தத் தாயிடம் திரும்புகிறேன். அவள் ஏன் ஒளிந்து நிற்கிறாள்? பழிக்குப் பயந்து நிற்கிறாள். வயிற்றில் இருக்கும்போது என்ன தின்றாய் என்று மாமியார் கேட்கிறார். மிட்டாய் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் பேசுகிறார்கள். உங்கள் வம்சத்திலிருந்து வந்ததா, எங்கள் வம்சத்திலிருந்து வந்ததா என்று வீட்டுக்குள் பஞ்சாயத்து நடக்கிறது. ஒரு விஷயம் சொல்கிறேன். டைப் 1 வருகிற பத்துக் குழந்தைகளில் ஒன்பது குழந்தையின் நெருங்கிய குடும்பத்தில் அந்த நோய் யாருக்குமே இருந்ததில்லை. உலகத்திலேயே இந்த நோய் குழந்தைகளை அதிக விகிதத்தில் தாக்குவது பின்லாந்து நாட்டில். நம் லட்டும் ஜிலேபியும் அங்கே போய்ச் சேர்ந்துதானா அந்தப் பிள்ளைகளுக்கு நோய் வந்தது? மிட்டாயால் வருவதில்லை, தொட்டால் ஒட்டுவதில்லை, பாவத்தின் சம்பளமும் இல்லை. குற்றமே செய்யாத ஒருத்தியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, ஏன் மறைக்கிறாய் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. நாம் பழி பேசுவதை நிறுத்தினால்தான் அவள் மறைப்பதை நிறுத்துவாள்.

மறைப்பதால் அப்படி என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். உயிர் கெடும். நோய் இருப்பதே தெரியாத காலத்திலிருந்து தொடங்குகிறேன். பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறது, நன்றாகத் தின்றும் இளைக்கிறது. படுக்கையை நனைக்கிற பழக்கம் எப்போதோ விட்டுப்போன பிள்ளை மறுபடி நனைக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? பயந்திருக்கும் என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறோம். சோம்பேறி என்று அடிக்கிறோம். வயிற்று வலி என்றால் சோடா வாங்கிக் கொடுக்கிறோம். இத்தாலியில் பார்மா என்றொரு மாகாணம். அங்கேயும் பிள்ளைகள் இப்படித்தான் நினைவு தப்புகிற நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1990-களில் மருத்துவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். படுக்கையை நனைக்கும் குழந்தையின் படம், கூடவே நாலு வரி எச்சரிக்கை. எட்டு ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் அமிலம் ஏறிய நிலையில் வந்து சேரும் குழந்தைகள் நூற்றுக்கு 78-லிருந்து 12.5 ஆகக் குறைந்திருந்தார்கள். புது மருந்து கண்டுபிடிக்கவில்லை, பெரிய கட்டடம் கட்டவில்லை. விஷயத்தை ஊரறியச் சொன்னார்கள், பிள்ளைகள் பிழைத்தார்கள். ஊரறியச் சொல்வதும் ஒரு சிகிச்சை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்தது பள்ளிக்கூடம். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். தமிழ்நாட்டில் அரசுத் தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளை தன் மூன்று வேளைச் சாப்பாட்டில் இரண்டை எங்கே சாப்பிடுகிறது? பள்ளியில். காமராசர் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982-ல் விரித்தார், 2022 செப்டம்பரில் பக்கத்து மதுரையில் காலை உணவுத் திட்டமும் வந்தது. பெருமையோடு சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் டைப் 1 குழந்தைக்குச் சாப்பாடும் ஊசியும் பிரிக்க முடியாதவை. அரசு மருத்துவமனையில் கிடைக்கும் சாதாரண ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். அம்மா வீட்டில் ஊசி போட்டு அனுப்புகிறாள் என்று வையுங்கள். பள்ளியில் அன்று உப்புமா வரத் தாமதமாகிறது, வரிசை நீளமாக இருக்கிறது, பிள்ளைக்குப் பிடிக்காமல் பாதியில் எழுந்துவிடுகிறது. ஊசி உடம்புக்குள் போயாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது. சர்க்கரை இறங்குகிறது. சரி, ஊசி வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று விட்டால், பொங்கல் சாப்பிட்ட பிள்ளைக்கு மத்தியானத்துக்குள் முந்நூறு நானூறு ஏறுகிறது. ஆக, பள்ளி நாளில் இந்தக் குழந்தையின் சிகிச்சையில் பாதி நடக்கும் இடம் ஆஸ்பத்திரியும் அல்ல, வீடும் அல்ல, பள்ளிக்கூடம். சோறு போடும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பள்ளி, அந்தச் சோறு செரித்து உடம்பில் சேரத் தேவையான ஊசியை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்துவது எப்படிப் பொருந்தும்?

சர்க்கரை இறங்குவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஆசிரியர்கள் தயவுசெய்து கவனியுங்கள். 70-க்குக் கீழே போனால் பிள்ளைக்கு வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், எரிச்சல் வரும், விழி வெறித்துப் பார்க்கும், பேச்சு குழறும். வகுப்பில் இருபது முப்பது பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தும் ஆசிரியையின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? கவனிக்கவில்லை, தூங்குகிறான், முரண்டு பிடிக்கிறான் என்று தெரியும். எழுந்து நில் என்று சொல்வார். வெளியே போய் நில் என்றும் சொல்லலாம். அவர் கெட்டவர் அல்ல, அவருக்குத் தெரியாது, ஏனென்றால் நாம் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் செய்ய வேண்டியது மிகச் சிறிது. குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ மூன்று டீஸ்பூன், சின்னக் குழந்தைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு, தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும். சாக்லேட் கொடுக்காதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை இறங்கிய நேரத்தில் பிள்ளையைத் தனியாக எங்கும் அனுப்பாதீர்கள். கழிப்பறைக்குப் போன இடத்தில் விழுந்தால் யார் பார்ப்பது?

ஆசிரியர்கள் ஒரு மறுப்பு வைக்கிறார்கள், அது நியாயமான மறுப்பு. நாங்கள் மருத்துவர் அல்லவே, ஏற்கெனவே கணக்கெடுப்பு, பதிவேடு, செயலி என்று ஆயிரம் வேலை, ஊசி விஷயத்தில் ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் தலைமீது விழாதா என்கிறார்கள். விழக்கூடாது, அதனால்தான் எழுத்தில் வேண்டும் என்கிறேன். இங்கிலாந்தில் 2014-ல் வந்த சட்டம், உடல்நலக் குறை உள்ள மாணவர்களுக்கு உதவ ஏற்பாடு செய்வதைப் பள்ளிகளின் கடமை ஆக்கிவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவரும் பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து ஒரு திட்டத் தாள் எழுதி வைக்கிறார்கள். நம் நாட்டிலும் சும்மா இருந்துவிடவில்லை. சி.பி.எஸ்.இ. 2017-லேயே இந்த மாணவர்கள் தேர்வறைக்குள் சிற்றுண்டி கொண்டுபோக அனுமதி கொடுத்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் வகுப்பறையில் சர்க்கரை பார்க்கவும், ஊசி போடவும், இடையில் தின்னவும் அனுமதிக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. கடிதம் வந்திருக்கிறது, அது நம் மாவட்டத்து ஒட்டன்சத்திரத்துக்கும் நத்தத்துக்கும் அய்யலூருக்கும் வந்து சேர்ந்ததா என்று கேட்க வேண்டியது நாம். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரும் ஒரு நாள் வந்து சொல்லிக் கொடுத்தால் போதும். தண்ணீர் குடிக்க விடுவது, சிறுநீர் கழிக்க விடுவது, டெஸ்ட் செய்ய விடுவது, தின்ன விடுவது, இவற்றுக்கு எந்த மருத்துவப் பட்டமும் தேவையில்லை.

இன்னொரு மறுப்பு உண்டு, அது இந்த மண்ணுக்கே உரியது. பெண் குழந்தை ஐயா, வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்பது. இதைக் கேட்கும் தாயை நான் கடிந்துகொள்ள மாட்டேன், அவள் பயம் பொய்யில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இருபது வருஷம் கழித்து வரப்போகும் வரனுக்காக இன்றைக்குப் பள்ளியில் மறைக்கிறோம். மறைப்பதற்காக மத்தியான ஊசியை விடுகிறோம். 1993-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு முடிவுக்கு வந்தது. 13 வயது முதல் 39 வயது வரை உள்ள டைப் 1 நோயாளிகள் 1,441 பேர். சர்க்கரையை அடிக்கடி பார்த்து, பல வேளை ஊசி போட்டு, கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் கெடும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது, சிறுநீரகமும் நரம்பும் பாதிக்கப்படுவது பாதிக்குப் பாதி குறைந்தது. மறைத்து வளர்த்த பெண்ணுக்குத் திருமணச் சந்தையில் பெயர் மிஞ்சலாம், கண் மிஞ்சுமா? சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்த பெண் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், மருத்துவர் துணையோடு நல்லபடி பிள்ளை பெறலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருக்கும் சோனியா சோட்டோமேயருக்கு ஏழு வயதில் இந்த நோய் வந்தது. அடுப்பு எட்டாத வயதில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஊசியைக் கொதிநீரில் போட்டுத் தானே போட்டுக்கொண்டார். 2009 முதல் அந்த நாட்டின் உயர்ந்த ஆசனத்தில் இருக்கிறார், நோயைப் பற்றி இன்று வெளிப்படையாகப் பேசுகிறார்.

இளைஞர்கள் பின்வரிசையில் இருக்கிறீர்கள், உங்களுக்காக ஒன்று. 1999 ஜனவரி 31, சென்னை சேப்பாக்கம் மைதானம். இந்தியா – பாகிஸ்தான் டெஸ்ட். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்துவிட்டார், வெற்றி கைக்கெட்டும் தூரம். சக்லைன் முஷ்டாக் வீசிய பந்தைச் சச்சின் தூக்கி அடிக்கிறார், பந்து வானத்துக்குப் போகிறது, கீழே ஒருவர் நின்று பிடிக்கிறார். 12 ரன்னில் இந்தியா தோற்றது. பிறகு நடந்ததை உலகம் இன்னும் பேசுகிறது. தோற்றதை மறந்து சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்து வணங்கியது. அந்தக் கேட்சைப் பிடித்தவர், அணியை அழைத்துக்கொண்டு சுற்றி வந்தவர், கேப்டன் வசீம் அக்ரம். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1997-ல், அவருக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அன்றும் இன்சுலின் போட்டுக்கொண்டுதான் விளையாடினார். 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் மனிதர் ஆனார். தமிழன் எழுந்து நின்று கை தட்டியது ஓர் இன்சுலின்காரருக்கு! இனி நம் ஊர்ப் பள்ளியில் அந்தப் பிள்ளை கபடிக்கு வந்தால், நீ ஓரமாக உட்கார் என்று உடற்கல்வி ஆசிரியர் சொல்லக் கூடாது. சர்க்கரை பார்த்துவிட்டு, கையில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு, இறங்கி ஆடட்டும்.

சரி, பணம்? இத்தனை பேருக்கு அரசு எங்கே போகும் என்பார்கள். எத்தனை பேர்? உலகச் சர்க்கரை நோய்க் கூட்டமைப்பு 2021-ல் போட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் இருபது வயதுக்குள் இந்த நோய் உள்ளவர்கள் சுமார் 2 லட்சத்து 29 ஆயிரம், உலக நாடுகளில் அதுதான் அதிகம். அதே விகிதத்தை 2011 கணக்கெடுப்பில் 21 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நம் மாவட்டத்துக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 350 பிள்ளைகள் வருகிறார்கள். இது என் கூட்டல் பெருக்கல், பத்து இருபது கூடலாம், குறையலாம். இன்சுலின் அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது. குடும்பங்களை முறிப்பது ஸ்ட்ரிப். ஒன்று பதினைந்து ரூபாய் என்றால், நாளுக்கு நான்கு, மாதம் 1,800 ரூபாய், மில்லில் ஷிப்ட் பார்க்கும் குடும்பம் எங்கே போகும்? 350 பிள்ளைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 76, 77 லட்சம். மாவட்ட மக்கள் தலைக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு நாலு ரூபாய்கூட வராது, ஒரு டீக்குப் போதாத காசு! கேரளம் 'மிட்டாயி' என்ற பெயரிலேயே ஒரு திட்டம் வைத்து இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலின் பேனா, கருவிகள், ஆலோசனை எல்லாம் தருகிறது. கோவையில் இதயங்கள் என்ற அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளைத் தாங்குகிறது. 1948-ல் சென்னை ஸ்டான்லியில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கிய மாநிலம் இது, 1994-ல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து மருந்து வாங்கும் விதத்தை நாட்டுக்கே காட்டிய மாநிலம் இது. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் பெரியவர்களின் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகிறது. அதே பையில் இந்த 350 பிள்ளைகளுக்கும் ஸ்ட்ரிப் வைத்து அனுப்புங்கள் என்று கேட்கிறேன்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் கெட்டுப்போகுமே என்ற கவலை கிராமத்தில் உண்டு. பயன்படுத்தும் குப்பியை மண்பானையில் வைத்துக் காக்கலாம். பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் குப்பி, மேலே ஈரத் துணி. வெயில் படாத மூலையில் வைத்து, நாலு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜ் இருக்கிறவர்கள் ஐஸ் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் உதவாது. இது பெரிய ரகசியம் இல்லை, யாராவது வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ச் சொல்லும் மரபு இந்த மாவட்டத்துக்குப் புதிதா? டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், மருத்துவம் படித்தவர், டாக்டர் சௌந்தரம் அம்மையார். பட்டணத்தில் வசதியாக இருந்திருக்கலாம். 1947-ல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் தொடங்கினார், சிறிதாக ஆரம்பித்த கஸ்தூர்பா மருத்துவமனையை வளர்த்தார். ஆத்தூருக்கும் வேடசந்தூருக்கும் சட்டமன்ற உறுப்பினர், திண்டுக்கல்லுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் என்றெல்லாம் இருந்தார். மருத்துவரே கிராமத்துக்கு வந்த மண் இது. 2022-ல் இங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது, அதில் வாரம் ஒரு நாள் டைப் 1 குழந்தைகளுக்கென்றே புறநோயாளிப் பிரிவு நடக்கட்டும். மதுரைக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறாமல் அந்தத் தாய் இங்கேயே பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. ஊசி போட எனக்குக் கை வராது, அவளே பார்த்துக்கொள்வாள் என்று ஒதுங்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு சர்க்கரை இறங்குகிறதா என்று எழுந்து பார்ப்பவள் காலையில் ஷிப்டுக்கும் போகிறாள். ஒரு ராத்திரி நீங்கள் எழுந்து பாருங்கள். தாத்தா பாட்டிக்கும் கற்றுக்கொடுங்கள். விருந்துக்கு வந்த பிள்ளையின் இலையில் பிரியாணி வைப்பதை எல்லோர் முன்னாலும் தடுக்காதீர்கள். எவ்வளவு சாப்பிடப் போகிறது என்று பார்த்து அதற்கேற்ற ஊசி போட்டால் அதுவும் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். வருகிற நவம்பர் 14 குழந்தைகள் தினம். பான்டிங் பிறந்த நாளும் அதுவே, அதனால் உலகச் சர்க்கரை நோய் நாளும் அதுதான். அன்றைக்கு இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். 'அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், காரணமில்லாமல் இளைப்பு, மறுபடி படுக்கை நனைத்தல்: இவை இருந்தால் அன்றே சுகர் பாருங்கள்' என்று மட்டும் எழுதினால் போதும். அச்சுச் செலவை இங்கே இருக்கும் வணிகர் சங்கத்தாரும் வாசகர் வட்டத்தாரும் ஏற்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்கள் அடுத்த கூட்டத்திலேயே தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்: நம் பள்ளியில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா, அந்தப் பிள்ளையின் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்து ஊசி போட ஒரு நாற்காலியும் மேசையும் இருக்கிறதா என்று. இல்லை என்றால் மறுநாளே போட்டுக் கொடுங்கள்.